முந்நூறு அடி

அம்மிணி, அந்தப் பையைக் கொஞ்சம் அக்கட்ட நகத்து. இல்ல, வேண்டாம், இருக்கட்டும். நான் இப்பிடித்தான் எந்திரிப்பேன், உக்காருவேன், நீ ஒண்ணும் நெனச்சுக்காதே. ஈரோட்டுல ஏறுனதுலருந்து ஒரு பக்கமா உக்கார முடியல. கண்டக்டர் ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டான். வயிறு சரியில்லைன்னு நெனச்சிருப்பான். நெனச்சா நெனச்சுட்டுப் போறான்.

நான் கள்ளிமேட்டுப் பிரிவுல எறங்கோணும், காங்கயம் தாண்டி. நீ தாராபுரமா? அப்ப எனக்குப் பொறவுதான் எறங்குவ. நல்லதாப் போச்சு.

போனு அடிச்சா இந்தச் சத்தத்துல எனக்குக் கேக்காது, உனக்குக் கேட்டா முழங்கையத் தட்டு. என்ற தம்பி கூப்புடுவான். மாரப்பன்னு பேரு. அங்க காட்டுல இன்னைக்குத் தண்ணிக்குப் போரு ஓட்டறாங்க. காத்தாலயே ரிக்கு வண்டி வந்து, பூசை போட்டு ஆரம்பிச்சாச்சு. நூறடிக்கு ஒருக்காக் கூப்புட்டுச் சொல்றேன்னான். நான் கேக்கவே இல்ல பாரு, அவனாத்தான் சொன்னான். வேலையத்தவன். ஆனா வராதக்கான்னும் அவனேதான் சொன்னான். வெயிலு, நீ எதுக்கு அலையறேன்னான். வீட்டுக்காரர் அதுக்கு மேல. ஆரு காட்டுல ஆரு போரு போட்டா உனக்கென்னன்னு கேட்டாரு. அவுருக்கென்ன தெரியும்.

காடு இப்ப எங்களுது இல்ல. ஒரு காலத்துல எங்களுது, நாலு ஏக்கரா வெள்ளாம பூமி. கோயமுத்தூர்ல ஒரு பல் டாக்டர் வாங்கியிருக்காரு. நல்ல மனுசன். தம்பிதான் அங்க குடியிருந்து பாத்துக்கறான். சம்பளத்துக்கு. ஆமா, எங்க காட்டுக்கே சம்பளத்துக்கு. அதுல என்ன இருக்குது, தெரிஞ்ச மண்ணு.

உங்கிட்டச் சொன்னா என்ன, நீ ஆரோ, நான் ஆரோ. அந்தப் போருல தண்ணி வரக் கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டு வந்துட்டிருக்கேன். நெசமாத்தான் சொல்றேன். காத்தால கோயில்ல போயி நின்னு, சாமி, வெறும் பொகையாப் போகட்டும், ஒரு சொட்டுத் தண்ணி வேண்டாம்னு கும்பிட்டேன். அந்த டாக்டர் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணுனதில்ல. போன வருசம் என்ற பல்லக்கூட சும்மா பாத்து விட்டாரு. இருந்தாலும் அப்பிடித்தான் கும்பிட்டேன். எலுமிச்சங்கனி வெச்சுக் கும்பிட்டேன். முழுத் தேங்கா நான் தொடறதில்ல, முப்பத்தேழு வருசமாச்சு. தேங்கா சில்லு வாங்கித்தான் சட்டினி அரைப்பேன்.

அப்ப எனக்குப் பதினாறு. பதினொண்ணாவது படிச்சுட்டு இருந்தேன். மூணு வருசமா மழையில்ல. எங்க காட்டுக் கெணறு காஞ்சு, அடியில தவளைகூட இல்ல. குடிக்கற தண்ணிக்கு இட்டேரியில நடந்து ஊருப் பொதுக் கெணத்துக்குப் போகோணும். இட்டேரின்னா தெரியுமில்ல, ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல வண்டித்தடம், பூராத்துக்கும் முள்ளு. காத்தால நாலு கொடம், பொழுதோட நாலு கொடம். ஆரு? நான்தான். அம்மாவுக்கு இடுப்பு வலி. தம்பி பத்து வயசுப் பொடியன். எங்கப்பா ஆம்பள. அப்பறம் ஆரு?

எங்கப்பா ரெண்டு எருமைய வித்து, அம்மா சங்கிலிய வித்து, ஒரே ஒரு போரு போடறதுன்னு முடிவு பண்ணுனாரு. ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் அந்தக் காசு முந்நூறடிக்குத்தான் கட்டும். அதுல தண்ணி வந்தா காடு தோட்டமாகும், வராட்டிப் போனா காட்டப் போட்டுட்டுக் கெளம்பறதுதான். வீட்டுல எல்லாருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். அதத்தான் முன்னாலயே சொல்லிடறேன், தெரியாமப் பண்ணுனேன்னு நீ நெனச்சுக்கக் கூடாது.

எடம் குறிக்கறதுக்கு அவிநாசிப் பக்கத்துலருந்து ஒருத்தரக் கூட்டியாந்தாங்க. ஒரு கண்ணுல பூ விழுந்த ஆளு. குடுமித் தேங்காய உள்ளங்கையில படுக்க வெச்சுக்கிட்டு, வெறுங்காலோட காட்டப் பூரா நடந்தாரு. நீரோட்டம் இருக்கற எடத்துல தேங்கா தானா எந்திரிச்சு நிக்கோணும். எங்க காட்டுல மேகோட்டுல நின்னுச்சு. மேக்கால கடைசி மூலையில. தம்பி குச்சி அடிச்சு வெச்சான். அந்தாளு காப்பி குடிச்சாரு, காசு வாங்குனாரு, கெளம்பிட்டாரு.

அந்தாளு மேல எனக்கு நம்பிக்கையே இல்ல, அம்மிணி. பக்கத்துக் காட்டுல அவுரு குறிச்ச எடம் ரெண்டும் புட்டுக்கிச்சு. எங்கப்பா ஏமாறப் போறாருன்னுதான் எனக்கு வெசனம். அதுக்காகத்தான் நான் அப்பிடிப் பண்ணுனது.

இரு, போனு அடிக்குது. நீ தட்டவே இல்லையே.

சொல்லுடா. என்ன? சத்தமாச் சொல்லு. நூறா? என்ன வருது? சரி, சரி. தள்ளி நில்லு, மூக்குல துணியக் கட்டிக்க.

நூறடி. பொகைதானாம். பாறைத் தூளு வெள்ளை மாவாக் கொட்டுதாம். அந்த ரிக்குச் சத்தத்துல அவன் கத்தறதே எனக்குப் பாதிதான் கேட்டுது. காதடச்சுப் போச்சு. நல்லது. நூறு தாண்டிருச்சு.

எங்க விட்டேன்? தேங்கா. அந்தாளு போன பொறவு, அதே தேங்காய ஆளாளுக்குக் கையில வெச்சுப் பாக்கறது எங்க பக்கத்து வழக்கம். வீட்டுல ஆரு கைக்கு ஓடுதுன்னு ஒரு வெளையாட்டு மாதிரி. அதுக்கு ஒரு ரத்தம் வேணும்பாங்க. எங்கப்பா வெச்சுப் பாத்தாரு, ஒண்ணுமில்ல. அம்மா வெச்சுப் பாத்தாங்க, ஒண்ணுமில்ல. எங்க மாமா ஒருத்தர் வந்திருந்தாரு, அவுரு கையில தேங்கா கெடந்த மேனிக்குக் கெடந்துச்சு. அப்பறம் எங்கிட்டக் குடுத்தாங்க.

மேகோட்டுல வெச்சேன். ஒண்ணுமில்ல. அப்பிடியே நடந்து கெழக்க வந்தேன். எல்லாரும் பின்னாலயே வர்றாங்க. தம்பி குச்சியும் கல்லும் எடுத்துக்கிட்டு எனக்கு முன்னால முன்னால ஓடி, எங் கைக்கு நேர கீழ குத்த வெச்சு உக்காந்துக்கறான், நின்னாக் குச்சி அடிக்கறதுக்கு. வீட்டுக்கிட்ட வந்துட்டேன். சமையக்கட்டுக் கதவுக்கும் எனக்கும் இருவதடி கூட இருக்காது. அங்க வந்து கொஞ்சம் அசைஞ்சுது, அம்மிணி. சாமி சத்தியமா ஒரு அசைவு இருந்துச்சு. ஆனா நிக்கல. நிக்க வெச்சது நான். மணிக்கட்ட இப்பிடி லேசா உள்ளுக்கு மடக்கி, விரல ஒரு நூலு தூக்குனா போதும், தேங்கா எந்திரிச்சுக்கும். இந்தக் கைதான்.

அத்தன பேரும் எம் மூஞ்சியப் பாத்தாங்க. பதினாறு வயசு வரைக்கும் எங்க வீட்டுல ஒருத்தரும் என்னைய அப்பிடிப் பாத்ததில்ல. மாமாதான் மொதல்ல வாயத் தொறந்தாரு. கன்னிப் பொண்ணு கையில நின்னா அதுக்கு மேல பேச்சே கெடையாது மச்சான், அந்தாளு குறிச்ச எடத்த விட்டுத் தள்ளுங்கன்னாரு. எங்கப்பா என்னைய ஒரு பார்வ பாத்தாரு பாரு. கண்ணு நெறஞ்சு போச்சு அவுருக்கு. தம்பி குச்சி அடிச்சான். அப்பவாவது இல்லைன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல.

ஏன் சொல்லலன்னா, சரி, சொல்றேன். அந்தாளு மேல நம்பிக்கை இல்லைன்னு சொன்னேனே, அதுவும்தான். ஆனா அது மட்டுமில்ல. முந்தின நாளு எங்கப்பா சொன்னாரு, மேகோட்டுலருந்து வீட்டு வரைக்கும் பைப்பு போடறதெல்லாம் இப்பத்திக்கு ஆகாது, தண்ணி வந்தா காட்டுக்குத்தான், குடிக்கறதுக்கு வேணும்னாக் கொடத்துல கொண்டாந்துக்கலாம்னு. கொண்டாந்துக்கலாம்னா ஆரு? அவுரா போயிக் கொண்டாரப் போறாரு? மேகோட்டுலருந்து சமையக்கட்டுக்கு எட்டு வெச்சு நடந்தா நானூத்திச் சில்லற. நான் எண்ணி வெச்சிருந்தேன். பூமிக்கடியில தண்ணி எங்கிருந்தாலும் தண்ணிதானே, கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்தா என்னன்னு தோணுச்சு. சமையக்கட்டுக் கதவத் தொறந்தா தண்ணி. அவ்வளவுதான் நான் ஆசப்பட்டது. சிரிக்கறதுன்னாச் சிரி.

போனு. தா, தா.

சொல்லுடா மாரப்பா. எரநூறா? என்ன வருது? பொகையா? வெறும் பொகைதானே? ஈரமே இல்லையா? சரி, சரி. ஆரு அங்க அப்பிடிக் கத்தறாங்க? புள்ளைங்களா? தள்ளி நிக்கச் சொல்லு. நீ சாப்புட்டியா? சரி, வெய்யி.

எரநூறு. பொகைதான். இந்தத் தடவ அவன் பேசுனது நல்லாக் கேட்டுச்சு, தள்ளி வந்து பேசறான் போல. ரிக்குச் சத்தமே இல்ல. ஊருப் புள்ளைங்கதான் ஒரே கூச்சல். ரிக்கு வந்தாப் புள்ளைங்களுக்குத் திருவிழாதான். இன்னொரு நூறு, அம்மிணி. இன்னொரு நூறு தாண்டிட்டா நான் மனுசியாயிருவேன்.

கணக்கு உனக்குப் புரியுதில்ல? இப்ப ஓட்டறது அந்தப் பழைய எடத்துலதான், மேகோட்டுல. டாக்டர் நீரோட்டத்த மெசின் வெச்சுப் பாக்கறேன்னாராம், தம்பிதான், எங்கப்பாவுக்கு ஒருத்தர் குறிச்சுக் குடுத்த எடம் இருக்குதுங்க, அதுல போடுங்கன்னு காட்டியிருக்கான். முப்பத்தேழு வருசம் கழிச்சு, அவனுக்கு எதுக்கு இந்த வேல. எங்கப்பாகிட்ட இருந்தது முந்நூறடிக்கு. முந்நூறுக்குள்ள அங்க தண்ணி இல்லைன்னா, அன்னைக்கு அங்க போட்டிருந்தாலும் இதே கதிதான். அப்ப நான் கெடுக்கல. முந்நூறுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா, நான்தான். அவ்வளவுதான் விசயம். அதுக்குத்தான் இந்தப் பாடு.

அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, நான் காட்டுன எடத்துல ரிக்க நிறுத்தி ஓட்டுனாங்க. வெள்ளப் பொகை. நூறு, எரநூறு, முந்நூறு. சமையக்கட்டுப் பூரா மாவு மாதிரி படிஞ்சு போச்சு. எங்கப்பா ரிக்குக்காரனக் கெஞ்சி இன்னொரு இருவதடி ஓட்டச் சொன்னாரு. பாவம் பாத்து ஓட்டுனான். அதுலயும் பொகைதான். ராடெல்லாம் கழட்டி, வண்டியக் கெளப்பிட்டுப் போயிட்டாங்க. எங்கப்பா தலையிலருந்து காலு வரைக்கும் வெள்ளையா உக்காந்திருந்தாரு. நான் கிட்டப் போனேன். சொல்லிரலாம்னுதான் போனேன். அவுரு எழுந்து எந் தலையில கைய வெச்சு, உன்ற கை பொய் சொல்லாது கண்ணு, பூமிதான் ஏமாத்திருச்சுன்னாரு. அப்பிடிச் சொன்னா, அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?

அவுரு திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறையில வாட்ச்மேனாப் போனாரு. தம்பிய ஆறாவதுல நிறுத்தி பனியன் கம்பெனிக்கு அனுப்புனாங்க, கை மடிக்கற வேலைக்கு. மூத்தவ நல்லாப் படிக்கற புள்ள, அவ மட்டும் பன்னெண்டாவது முடிக்கட்டும்னு எங்கப்பா சொல்லிட்டாரு. முடிச்சேன். ஆனா காலேஜு? போச்சு. டீச்சராகோணும்னு எனக்கு எவ்வளவு ஆச தெரியுமா? அந்த ஒரு நாளுல என்ற வாழ்க்கையே போச்சு. தம்பிக்கென்ன, ஆம்பளப் பையன், எங்க போனாலும் பொழச்சுக்குவான். அவனுக்குப் படிப்பு மேல அவ்வளவா நாட்டமும் இல்ல. கம்பெனிக்குப் போற அன்னைக்கு என்ற பழைய அட்லஸக் கேட்டான். எதுக்குடான்னேன். சும்மா பாத்துட்டிருக்கறதுக்குன்னான். குடுத்துட்டேன். என்ற பன்னெண்டாவதுக்குப் பீசு, புத்தகம், பாவாட தாவணி எல்லாம் அவன் கம்பெனிக் காசுதான், அத நான் இல்லைங்கல. ஆனா மனசுக்குள்ள வெச்சுட்டு வெந்தது ஆரு? நான்தானே. அவன் எதையும் மனசுல வெச்சுக்கற ஆளே இல்ல. எங்கப்பா காட்ட வித்தப்பவும் சரி, செத்தப்பவும் சரி, அந்தப் போரப் பத்தி ஒரு வார்த்த எங்கிட்டப் பேசுனதில்ல. மறந்தே போயிட்டான்.

ஆருகிட்டயும் சொன்னதில்ல, அம்மிணி. கட்டுனவருகிட்டச் சொன்னதில்ல. பெத்த புள்ளைகிட்டச் சொன்னதில்ல. இன்னைக்கு ஒரு முடிவு பண்ணிட்டு வந்திருக்கேன். பொகையாப் போச்சுன்னா தம்பிகிட்டச் சொல்லிருவேன். தண்ணி வந்துச்சுன்னா சாகற வரைக்கும் சொல்ல மாட்டேன். என்ன அப்பிடிப் பாக்கற? தண்ணி வந்த பொறவு எப்பிடிச் சொல்ல முடியும்?

காங்கயம் வந்துருச்சா? இல்ல, தாண்டிருச்சா? நான் பாக்கவே இல்லையே. எந்திரிச்சு நின்னுக்கறேன். இல்ல, உக்காந்துக்கறேன். எவ்வளவு நேரமாச்சு, எரநூறு சொல்லி? ஒரு மணி நேரமா? அவன் ஏன் இன்னும் கூப்புடல?

அடிக்குது. அடிக்குது.

சொல்லுடா. ஆங். முந்நூறா? முந்நூறு தாண்டிருச்சா? நெசமா? நெசமாவா? ஒண்ணுமில்லையா? சரி. சரிடா. இல்ல, அழுகல, சளி புடிச்சிருக்குது. பஸ்ஸு வந்துட்டே இருக்குது, பக்கத்துல வந்துட்டேன். காட்டுக்கு வேண்டாமா? ஏன்? சரி, வீட்டுக்கே போலாம். கோழியா? எதுக்குடா அதெல்லாம். சரி, நில்லு, வர்றேன்.

முந்நூறு தாண்டிருச்சு, அம்மிணி. பொகைதான். ரிக்க நிறுத்தச் சொல்லிட்டாங்களாம். பிரிவுல வந்து நிக்கறேன், வெயிலுல காட்டுக்கு வேண்டாம், நேரா வீட்டுக்குப் போலாம், கோழி அடிச்சிருக்குதுன்னான். பாசக்காரன். இந்தா, இந்தக் கொய்யாப்பழத்தச் சாப்புடு. அட, சாப்புடு. அந்த டாக்டர் பாவம்தான், அவுருக்கு எத்தனையோ வழி இருக்குது.

இப்பச் சொன்னா என்ன. இனிமேல் எதச் சொன்னா என்ன. மேகோட்டுல தேங்காய வெச்சுப் பாத்தேன், ஒண்ணுமில்லைன்னு சொன்னேனில்ல? அது பொய். அங்க எந்திரிச்சுது. என்ற கையிலயே, நான் ஒண்ணும் பண்ணாம, தானா எந்திரிக்கப் பாத்துது. ஆரோ கீழருந்து தள்ளற மாதிரி இருந்துச்சு. கட்ட விரல மேல போட்டு அமுத்திப் புடிச்சுக்கிட்டேன். நானூத்திச் சில்லற எட்டு வெச்சு நடக்கோணும், நாளைக்கு எட்டுக் கொடம். அமுத்திப் புடிச்சுக்கிட்டே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு நடந்தேன். அதுதான் அம்மிணி என்னைய இத்தன வருசமாத் தூங்க விடாம அரிச்சுது. மத்ததெல்லாம் கூடப் பரவால்ல. ஆனா பாரு, அங்கயும் ஒண்ணுமில்ல. தேங்கா, ரத்தம் எல்லாம் சும்மா. தம்பிகிட்ட இன்னைக்குச் சாப்பாட்டுக்கு முன்னாலயே சொல்லிரப் போறேன். சிரிப்பான். ரெண்டு பேரும் சிரிப்போம்.

கண்டக்டர், கள்ளிமேட்டுப் பிரிவு ஒண்ணு. தெரியுங்க, தெரியுங்க, நின்னுக்கறேன்.

அதா நிக்கறான் பாரு, பைக்க நிறுத்திட்டு. வெள்ளச் சட்ட. நான் பொங்கலுக்கு எடுத்துக் குடுத்த சட்ட, மடிப்புக்கூடக் கலையல, இப்பத்தான் போட்டிருப்பான் போல. கையக் காட்டறான். சிரிக்கறான்.

அம்மிணி. உன்ற கண்ணு நல்லாத் தெரியுமில்ல. அவன் தலையில என்னது அது?

சேறுதானே. பொகைன்னா வெள்ளையா மாவுல பொரட்டுன மாதிரி இருக்கோணும், எங்கப்பா அன்னைக்கு அப்பிடித்தான் இருந்தாரு. இவன் தலையெல்லாம் சேறு அப்பிக் கெடக்குது. வேட்டி காலோட ஒட்டிக் கெடக்குது. சட்டைய மட்டும் மாத்திட்டு வந்திருக்கான். முழங்கால் வரைக்கும் ஈரம் காயல, பாரு.

நூறுல பேசறப்ப ரிக்குச் சத்தம் இருந்துச்சு. எரநூறுல இல்ல. அப்பவே வந்துருச்சு. நூறுக்கும் எரநூறுக்கும் நடுவுலயே வந்துருச்சு, அம்மிணி. அதுக்கப்பறம் ஓட்டவே இல்ல. அவன் சும்மா நின்னுக்கிட்டு, நேரம் பாத்து எனக்குப் போனு பண்ணியிருக்கான்.

எங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லோணும்? அங்க தண்ணி வந்தா நான் என்ன ஆவேன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்? நான் ஆருகிட்டயும் சொல்லலையே. உங்கிட்ட மட்டுந்தானே, இப்பத்தானே.

எங் கைக்கு நேர கீழதான் உக்காந்திருந்தான். ரெண்டு எடத்துலயும். கட்ட விரலப் பாத்திருக்கான். பாத்துட்டு வாயத் தொறக்காமக் குச்சி அடிச்சான், ஸ்கூல் பையக் கழட்டி வெச்சுட்டுக் கம்பெனிக்குப் போனான், எனக்குப் பீசு கட்டுனான்.

விசில் அடிச்சுட்டாங்க. எறங்குறேன், எறங்குறேன், கொஞ்சம் பொறுங்க. அந்தப் பையை எடுத்துக் குடு, அம்மிணி. எறங்குன ஒடனே, தண்ணி இல்லக்கான்னுதான் சொல்லுவான். சிரிச்சுக்கிட்டே சொல்லுவான். அதுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?